மறுக்க முடியாதவர்களின் உழைப்பு

2013 ஏப்ரல் 23ஆம் தேதி, டாக்காவை ஒட்டிய சாவாரில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடத்தின் தூண்களில் விரிசல் கண்டது. வந்து பார்த்த பொறியாளர் கட்டடம் ஆபத்தான நிலையில் இருப்பதாகச் சொன்னார். கீழ்த்தளத்திலிருந்த வங்கிக் கிளை தன் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியது, கடைகள் மூடப்பட்டன. மேல் தளங்களில் ஐந்து ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள் இருந்தன. மறுநாள் காலையில் அவற்றின் தொழிலாளர்கள் மட்டும் உள்ளே அனுப்பப்பட்டார்கள். வாசலில் தயங்கி நின்றவர்களுக்குச் சம்பளத்தைப் பிடித்துவிடுவோம் என்ற மிரட்டல் காத்திருந்தது. ஒன்பது மணிக்குச் சற்று முன்பு மின்சாரம் நின்றது. மாடியில் வைத்திருந்த ஜெனரேட்டர்கள் ஓடத் தொடங்கிய சிறிது நேரத்தில் கட்டடம் இடிந்து விழுந்தது. 1,134 பேர் இறந்தார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் காயங்களோடு மீட்கப்பட்டார்கள். அவர்களில் பலர் கை கால்களை இழந்திருந்தார்கள். விரிசலை எல்லோரும் பார்த்திருந்தார்கள், எச்சரிக்கை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அப்படியிருந்தும் வங்கி ஊழியர் உயிரோடு இருக்க, தையல் தொழிலாளி இடிபாட்டுக்குள் போனது ஏன் என்ற கேள்விக்கு விடை தேடாமல் உலக வணிகத்தின் அறத்தைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை.

வறுமை என்று ஒரே சொல்லில் விடை சொல்லிவிடலாம். அது போதாது. ஒருநாள் வேலை நின்றால் வங்கிக்குப் பெரிய இழப்பில்லை. தொழிற்சாலை முதலாளிக்கோ, குறித்த தேதிக்குள் சரக்கைக் கப்பலேற்றாவிட்டால் ஆர்டரே கையைவிட்டுப் போகும் என்ற நிலை. அந்தத் தேதியையும் விலையையும் நிர்ணயித்தவர்கள் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இருந்தார்கள். கட்டடம் அவர்களுடையதல்ல, தொழிலாளியும் அவர்களுடைய சம்பளப் பட்டியலில் இல்லை. ஐந்து தொழிற்சாலைகளில் ஒன்றில்கூடத் தொழிற்சங்கம் இல்லாததால், உள்ளே போக மாட்டோம் என்று சேர்ந்து சொல்ல அந்தத் தொழிலாளர்களுக்கு வழியிருக்கவில்லை. கூலி எவ்வளவு குறைவு என்பதைச் சுற்றியே மலிவு உழைப்பு பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் நடக்கின்றன. கூலி முக்கியம்தான். ஆனால் விலையையும் காலக்கெடுவையும் விதிக்கும் அதிகாரம் ஓரிடத்திலும், அதனால் விளையும் ஆபத்து மறுக்க முடியாதவர்கள் தலையிலும் இருப்பதுதான் இந்த வணிகத்தின் அடிப்படை அநீதி என்பது என் வாதம். விலையை விதிக்கிறவரைச் சட்டப்படி பொறுப்பாக்கும் ஒப்பந்தமே அதற்குத் தகுந்த மாற்று. அப்படி ஓர் ஒப்பந்தம் நடைமுறையில் சோதித்துப் பார்க்கப்பட்டும் இருக்கிறது.

எதிர்த் தரப்பின் வாதத்தை அதன் முழு வலிமையோடு எடுத்துக்கொள்ள வேண்டும். முதலாளிகளால் சுரண்டப்படுவதைவிடச் சுரண்டப்படக்கூட வாய்ப்பில்லாமல் கிடப்பது பெருந்துன்பம் என்ற கருத்தை 1962இல் முன்வைத்தவர் இடதுசாரிப் பொருளியலாளரான ஜோன் ராபின்சன். 1997இல் பால் க்ரூக்மன் இதே தடத்தில், ஏழை நாட்டுத் தொழிற்சாலை வேலையைப் பணக்கார நாட்டுக் கண்ணால் பார்க்காதீர்கள், அந்தத் தொழிலாளிக்குக் கைக்கெட்டும் மற்ற வேலைகளோடு ஒப்பிடுங்கள் என்று எழுதினார். இதற்குச் சான்றும் உண்டு. வங்கதேசத்துக் கிராமங்களை ஆராய்ந்த ரேச்சல் ஹீத், முஷ்ஃபிக் மொபாரக் இருவரும், ஆடைத் தொழிற்சாலைகளுக்கு அருகில் வளரும் பெண்பிள்ளைகள் கூடுதல் ஆண்டுகள் படிக்கிறார்கள், திருமணத்தையும் பிள்ளைப்பேற்றையும் தள்ளிப்போடுகிறார்கள் என்று 2015இல் வெளியான ஆய்வில் காட்டினார்கள். சுமார் 40 லட்சம் பேர், பெரும்பாலும் பெண்கள், சொந்தக் கையால் சம்பாதிக்கும் தொழில் அது; நாட்டின் ஏற்றுமதி வருவாயில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் அதிலிருந்து வருகிறது. பதினைந்து வயதில் மணமுடிக்க வேண்டியிருந்த பெண், மாதச் சம்பளத்தோடு நகரத்தில் அறை எடுத்துத் தங்குவதைச் சின்ன மாற்றம் என்று யாரும் ஒதுக்கிவிட முடியாது. தொழிற்சாலைகளே வேண்டாம் என்ற முடிவுக்கு இந்தக் கட்டுரை போகாததற்கு இதுவே காரணம்.

ஆனாலும் அந்த வாதத்தில் ஒரு தாவல் இருக்கிறது. தொழிற்சாலை வேலை கிராமத்துக் கூலி வேலையைவிட மேல் என்பதால், இன்றுள்ள நிலையிலேயே அது நியாயமானது என்று ஆகிவிடாது. ஒப்பிட வேண்டிய இன்னொன்று இருக்கிறது: அதே தொழிற்சாலை, அதே மெஷின், அதே சட்டை, ஆனால் பூட்டாத கதவும் ஆபத்தென்றால் வெளியேறும் உரிமையும். இந்த இரண்டாவது ஒப்பீட்டைத் தவிர்ப்பதால்தான் முதல் ஒப்பீடு அவ்வளவு தீர்மானமாக ஒலிக்கிறது. அந்த முதல் ஒப்பீடும்கூட எல்லா இடத்திலும் செல்லுபடியாவதில்லை. எத்தியோப்பியாவில் கிறிஸ்டோபர் பிளாட்மனும் ஸ்டெஃபான் டெர்கானும் ஐந்து நிறுவனங்களுக்கு விண்ணப்பித்தவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வேலை. இன்னொரு பிரிவுக்கு ஐந்து நாள் பயிற்சியும் சொந்தத் தொழில் தொடங்க 300 டாலர் அளவிலான தொகையும். மூன்றாம் பிரிவுக்கு எதுவுமில்லை. ஓராண்டில், தொழிற்சாலை வேலை கிடைத்தவர்களின் வருமானம் எதுவும் கிடைக்காதவர்களின் வருமானத்தைவிட உயரவில்லை. அவர்களுக்கு உடல்நலக் கேடுகள்தான் கூடியிருந்தன. பணம் பெற்றவர்களின் வருமானம் மூன்றில் ஒரு பங்கு உயர்ந்திருந்தது. வேலையில் சேர்ந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் ஓராண்டுக்குள் விலகிவிட்டார்கள். வேறு போக்கிடம் இருக்கும்போது இந்த வேலைகளைத் தொழிலாளர்களே எப்படி மதிப்பிடுகிறார்கள் என்பதற்கு அந்த விலகலைவிடத் தெளிவான சாட்சியம் வேண்டியதில்லை.

விலை எப்படி உருவாகிறது என்று பார்க்கலாம். கனடாவில் 14 டாலருக்கு விற்ற, வங்கதேசத்தில் தைத்த ஒரு போலோ சட்டையின் செலவுக் கணக்கை ஓ'ரூர்க் குழுமம் என்ற ஆலோசனை நிறுவனம் வெளியிட்டது. துணியும் பிற பொருள்களும் 3.69 டாலர், சரக்குக் கட்டணமும் காப்பீடும் ஒரு டாலருக்குச் சற்று மேல், தொழிற்சாலையின் லாபம் 58 சென்ட், தொழிலாளர் கூலி 12 சென்ட். விற்பனை விலையில் அது நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. கூலியை உயர்த்தினால் அடுத்தடுத்த கைகளில் லாப விகிதமும் சேர்ந்து ஏறும், கடையில் விலை அதைவிட அதிகமாகவே உயரும் என்பது உண்மைதான். அப்படியே ஏறினாலும் அது இந்தத் தொழிலைக் கவிழ்க்கும் தொகையாக இராது. அவ்வளவு சிறிய பகுதியை ஏன் இவ்வளவு கடுமையாகப் பிடிக்கிறார்கள்? பஞ்சின் விலையும் கப்பல் கட்டணமும் உலகச் சந்தையில் முடிவாகின்றன. அவற்றோடு பேரம் பேசத் தொழிற்சாலை முதலாளியால் முடியாது. வாங்கும் நிறுவனமான பையர் பத்து சென்ட் குறை என்றால் அவர் கை வைக்கக்கூடியவை கூலி, ஓவர்டைம், கட்டடப் பராமரிப்பு ஆகியவைதான். தொழில் உறவுகள் ஆய்வாளர் மார்க் ஆனரின் கணக்குப்படி, வங்கதேசம் அமெரிக்காவுக்கு அனுப்பிய பருத்திக் கால்சட்டைகளுக்குக் கிடைத்த விலை, ராணா பிளாசாவுக்குப் பின்வந்த நான்கே ஆண்டுகளில் 13 விழுக்காடு குறைந்தது. உலகமே அந்த இடிபாட்டைப் பார்த்து வருந்திய ஆண்டுகள் அவை. கொள்முதல் பிரிவு மட்டும் தன் வழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

இந்த அதிகாரத்தின் முழு அளவு 2020 மார்ச்சில் தெரிந்தது. கோவிட் தொற்றால் மேலைநாட்டுக் கடைகள் மூடப்பட்டதும், ஏற்கெனவே கொடுத்த ஆர்டர்களைப் பெரிய நிறுவனங்கள் ரத்து செய்தன அல்லது காலவரையின்றித் தள்ளிவைத்தன. வங்கதேச ஏற்றுமதியாளர் சங்கத்தின் கணக்கில் அதன் மதிப்பு 300 கோடி டாலரைத் தாண்டியது. அந்த மாதம் ஆனர் நடத்திய கருத்தாய்வில், வாங்கிவைத்துவிட்ட துணிக்கான பணத்தைத் தர 72 விழுக்காடு பையர்கள் மறுத்ததாகவும், வெட்டித் தைத்த கூலியைத் தர 91 விழுக்காட்டினர் மறுத்ததாகவும் ஏற்றுமதியாளர்கள் சொன்னார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலையிழந்தார்கள் அல்லது சம்பளமின்றி வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். இது எப்படிச் சாத்தியம் என்றால், துணி வாங்குவது, தைப்பது, அனுப்புவது எல்லாம் ஏற்றுமதியாளர் செலவு. சரக்கு கப்பலேறி அறுபது நாளோ தொண்ணூறு நாளோ கழித்துத்தான் பணம் வரும். தாமதமானால் விமானத்தில் அனுப்பும் செலவும் அவருக்கே. சட்டென்று பார்த்தால் பணக்கார நாட்டு நிறுவனம் ஏழை நாட்டுக்கு முதலீடு கொண்டுவருவதாகத் தோன்றும். நடைமுறையில் டாக்காவின் தையல்கூடம், உலகின் மிகப் பெரிய சில்லறை நிறுவனங்களுக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

சந்தையின் இயல்பு அப்படி, யார் என்ன செய்ய முடியும் என்று கேட்பவர்கள் அந்தச் சந்தையின் வரலாற்றைப் பார்க்க வேண்டும். வங்கதேசத்தில் ஆடைத் தொழில் வேரூன்றக் கூலிக் குறைவு மட்டுமே காரணமல்ல. 1974இல் நடைமுறைக்கு வந்த பல இழை உடன்பாடு, வளரும் நாடுகள் பலவும் பணக்கார நாடுகளுக்கு எவ்வளவு ஆடை அனுப்பலாம் என்று கோட்டா விதித்தது. தன் கோட்டாவை நிரப்பிவிட்ட தென்கொரியாவின் டேவூ நிறுவனம், கோட்டா இல்லாத வங்கதேசத்தின் தேஷ் கார்மென்ட்ஸுடன் கைகோத்து 130 பேரைத் தன் நாட்டுக்கு அழைத்துப் பயிற்சி தந்தது. அவர்களில் பெரும்பாலோர் பிறகு தனித்தொழில் தொடங்கியோ வேறு நிறுவனங்களுக்குப் போயோ ஒரு தேசத்தின் தொழிலை உருவாக்கினார்கள். 2004 முடிவில் கோட்டா முறை ஒழிந்தது. மனிதர்கள் எழுதிய விதிகள் இந்தச் சந்தையை எப்படி வடிவமைத்தன என்பதற்கு இன்னும் கூர்மையான சான்று ஒன்றுண்டு. 1995இல் உலக வணிக அமைப்போடு சேர்ந்து வந்த அறிவுசார் சொத்துரிமை உடன்பாடு, ஒரு நிறுவனத்தின் வணிகச் சின்னத்தை உறுப்பு நாடுகளெல்லாம் சட்டத்தால் காக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. மீறும் நாட்டின்மீது வணிகத் தடை விதிக்கலாம். தொழிலாளர் உரிமையோ 1996 டிசம்பரில் சிங்கப்பூரில் கூடிய அமைச்சர்கள் மாநாட்டில், தண்டிக்கும் அதிகாரமில்லாத சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் பொறுப்பு என்று ஒதுக்கப்பட்டது. சட்டையில் தைத்த சின்னத்துக்கு உலகளாவிய சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. அதைத் தைத்தவர் இறங்கி ஓட வேண்டிய மாடிப்படிக்குக் கிடைக்கவில்லை.

அந்த வெற்றிடத்தை நிரப்ப வந்ததுதான் சமூகத் தணிக்கை. பையரின் நடத்தை விதிகளைத் தொழிற்சாலை பின்பற்றுகிறதா என்று கட்டணம் வாங்கிக்கொண்டு சோதிக்கும் தனியார் நிறுவனங்கள் பெருகின. ராணா பிளாசாவில் இருந்த சில தொழிற்சாலைகளும் தணிக்கை செய்யப்பட்டவைதான். கராச்சியின் அலி எண்டர்பிரைசஸ் தொழிற்சாலை 2012 ஆகஸ்டில் எஸ்ஏ 8000 என்ற உயர்தரச் சான்றிதழ் பெற்றது. மூன்று வாரம் கழித்து, செப்டம்பர் 11 அன்று, அங்கே பிடித்த தீயில் 250க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மிரட்டிப் பணம் கேட்டுக் கிடைக்காத கும்பல் வைத்த தீ அது என்று 2020இல் கராச்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீ எப்படித் தொடங்கியிருந்தாலும் அத்தனை பேர் சாகக் காரணம் கம்பியடித்த சன்னல்களும் அடைபட்ட வழிகளும். சான்றிதழ் தந்தவர்கள் பார்த்திருக்க வேண்டியவை அவை. அந்தத் தொழிற்சாலையின் முதன்மை வாடிக்கையாளரான ஜெர்மானிய நிறுவனம் கிக் மீது டார்ட்மண்ட் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு, காலக்கெடு கடந்துவிட்டதாக 2019இல் தள்ளுபடியானது. தணிக்கையாளருக்குப் பணம் தருபவர் தொழிற்சாலை முதலாளி அல்லது பையர். அறிக்கை அவர்களுக்கே போகும். தொழிலாளி அதைப் பார்ப்பதில்லை. தணிக்கையாளர்கள் நேர்மையற்றவர்கள் என்று பொதுப்படச் சொல்ல நான் முயலவில்லை. நேர்மையானவர் எழுதிய அறிக்கைக்கும்கூட அதன்படி நடக்க யாரையும் கட்டாயப்படுத்தும் வலு கிடையாது.

கட்டாயப்படுத்தும் ஒப்பந்தம் ஒன்றின் வரைவு ராணா பிளாசா விழுவதற்கு முன்பே தயாராக இருந்தது. 2011இல் டாக்காவில் தொழிற்சங்கங்களும் நிறுவனங்களும் கூடிய கூட்டத்தில் அது முன்வைக்கப்பட்டது. தொழிற்சாலைகளைப் பாதுகாப்பாக்கும் அளவுக்குச் செலவிடுவது நிதியளவில் சாத்தியமில்லை என்று அங்கே வால்மார்ட் பிரதிநிதி சொன்னது பின்னர் வெளியான கூட்டக் குறிப்பில் பதிவாகியிருக்கிறது. 2012 மார்ச்சில் அமெரிக்காவின் பி.வி.எச். நிறுவனமும் செப்டம்பரில் ஜெர்மனியின் சீபோவும் கையெழுத்திட்டன. மேலும் சிலர் சேர்ந்தால்தான் அது நடைமுறைக்கு வரும், யாரும் சேரவில்லை. அந்த நவம்பரில் ஆஷூலியாவின் தஸ்ரீன் தொழிற்சாலைத் தீயில் குறைந்தது 112 பேர் இறந்தார்கள். அபாய மணி அடித்தபிறகும் அவர்களை மெஷினுக்குத் திருப்பி அனுப்பினார்கள். அப்போதும் யாரும் சேரவில்லை. ராணா பிளாசா விழுந்த மூன்று வாரங்களில் வரிசையாகக் கையெழுத்துகள் விழுந்தன, கடைசியில் 200க்கும் மேற்பட்ட நிறுவனங்கள். செலவு ஒன்றும் அந்த மூன்று வாரங்களில் குறைந்துவிடவில்லை. சாத்தியமில்லை என்று சொல்லப்பட்டது விருப்பமில்லாததுதான் என்பதற்கு இதைவிட நேரடியான ஆதாரம் எனக்குத் தெரியாது.

அக்கார்ட் என்று அழைக்கப்படும் அந்த ஒப்பந்தத்தின் உள்ளடக்கத்தைக் கவனித்துப் படிக்க வேண்டும். ஒரு பக்கம் நிறுவனங்கள், மறுபக்கம் உலகளாவிய இரண்டு தொழிற்சங்கக் கூட்டமைப்புகளும் வங்கதேசச் சங்கங்களும் சம உரிமையோடு உட்கார்ந்தன. தனிப் பொறியாளர்கள் சுமார் 1,600 தொழிற்சாலைகளைச் சோதித்தார்கள். அறிக்கைகள் பொதுவில் வெளியிடப்பட்டன. குறைகளைச் சரிசெய்ய மறுத்த தொழிற்சாலையோடு எந்த உறுப்பு நிறுவனமும் வணிகம் செய்யக்கூடாது. மறுபுறம், சரிசெய்யப் பணமில்லாத தொழிற்சாலைக்கு அது முடியும்படியான விலையோ கடனோ வேறு உதவியோ கிடைக்கச் செய்வது வாங்கும் நிறுவனத்தின் கடமை. ஆபத்து என்று நியாயமாக நம்பும் தொழிலாளி சம்பளம் இழக்காமல் உள்ளே போக மறுக்கலாம். 2013 ஏப்ரல் 24 காலையில் இல்லாமல்போன உரிமை இதுதான். அது அங்கே எழுத்தில் ஏறியது. கடமை தவறிய நிறுவனத்தைத் தொழிற்சங்கம் நடுவர் மன்றத்துக்கு இழுக்கலாம். அந்தத் தீர்ப்பை நிறுவனத்தின் சொந்த நாட்டு நீதிமன்றத்தில் செயல்படுத்தலாம். இது ஏட்டளவில் நிற்கவில்லை. ஹேக் நகரின் நிரந்தர நடுவர் மன்றத்தில் தொடுக்கப்பட்ட இரண்டு வழக்குகளில் ஒன்றில், பன்னாட்டு நிறுவனம் ஒன்று 2018 ஜனவரியில் 23 லட்சம் டாலர் தந்து சமரசமானது. கண்டறியப்பட்ட குறைகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் சரிசெய்யப்பட்டன: தீத்தடுப்புக் கதவுகள் வந்தன, பூட்டுகள் கழன்றன, தூண்கள் வலுவூட்டப்பட்டன.

செலவு கூடினால் ஆர்டர்கள் வேறு நாட்டுக்கு ஓடிவிடும், கடைசியில் பாதிக்கப்படுவது தொழிலாளிதான் என்பது அடுத்த மறுப்பு. மேலோட்டமானதல்ல இது, ஏழைத் தொழிலாளியின்மேல் உண்மையான அக்கறையுள்ளவர்களும் சொல்வது. அக்கார்ட் இதற்குக் கண்முன்னே நடந்த சோதனையாக அமைந்தது. வங்கதேசத்தின் ஆயத்த ஆடை ஏற்றுமதி 2012-13இல் சுமார் 2,150 கோடி டாலர். 2018-19இல் அது 3,400 கோடியைத் தொட்டது. உலகிலேயே கடுமையான பாதுகாப்பு விதிகளின்கீழ் வந்த ஆண்டுகளில்தான் அந்தத் தொழில் அப்படி வளர்ந்தது. இன்னொரு சான்று இந்தோனேசியா. 1990களில் நைக்கி, அடிடாஸ், ரீபாக் ஆகியவற்றுக்குச் சரக்கு தைத்த ஆலைகள்மீது உலகெங்கும் எதிர்ப்பு கிளம்பியது. ஆன் ஹாரிசனும் ஜேசன் ஸ்கோர்ஸும் 2010இல் வெளியிட்ட ஆய்வு, அந்த ஆலைகளில் உண்மைக் கூலி கணிசமாக உயர்ந்ததையும், வேலை எண்ணிக்கை குறிப்பிடும்படி குறையாததையும் காட்டியது. லாபம் குறைந்தது, சில சிறிய ஆலைகள் மூடும் அபாயம் கூடியது. அதையும் அவர்கள் மறைக்கவில்லை. விலையில் கூலியின் பங்கு அவ்வளவு சிறிதாக இருக்கும்போது, பழகிய தொழிலாளர்களையும் துறைமுகத்தையும் துணி ஆலைகளையும் விட்டுவிட்டு அதற்காக மட்டும் ஒரு தொழில் எழுந்து ஓடுவதில்லை.

அக்கார்டை இதற்குமேல் புகழ்ந்தால் நேர்மையாகாது. பிணைத்த இடத்தில் அது வேலை செய்தது. பிணைக்காத இடத்தில் எதுவும் மாறவில்லை. கூலி அதன் எல்லைக்குள் இல்லை. 1994இல் மாதம் 930 டாக்காவாக இருந்த குறைந்தபட்சக் கூலி, பன்னிரண்டு ஆண்டு அசையாமல் கிடந்து 2006இல்தான் 1,662 டாக்காவானது. 2010இல் 3,000, 2013 இறுதியில் 5,300, 2018இல் 8,000. 2023 இலையுதிர் காலத்தில் தொழிலாளர்கள் 23,000 டாக்கா கேட்டுத் தெருவுக்கு வந்தபோது போலீஸ் துப்பாக்கியும் வந்தது, உயிர்கள் போயின. இறுதியில் அறிவித்தது 12,500. கூலி உயர்ந்ததற்குத் தக்க விலை தருகிறோம் என்று எழுத்தில் கையெழுத்திட எந்தப் பெருநிறுவனத்துக்கும் அப்போது கட்டாயமில்லை.

மேலைநாட்டு அக்கறை பல நேரங்களில் முகமூடிபோட்ட காப்புவாதம் என்ற குற்றச்சாட்டை நம் பக்கத்தில் அடிக்கடி கேட்கிறோம். அதில் நியாயம் உண்டு. கோட்டா முறையை முப்பது ஆண்டு நடத்தியவர்கள் அறம் பேசும்போது சந்தேகம் வரத்தான் செய்யும். குழந்தைத் தொழிலாளர் தயாரித்த பொருள்களைத் தடை செய்ய 1990களின் தொடக்கத்தில் அமெரிக்க செனட்டர் டாம் ஹார்கின் கொண்டுவந்த மசோதா நிறைவேறவேயில்லை. அந்தப் பேச்சே வங்கதேச முதலாளிகளை அச்சுறுத்த, ஏறத்தாழ 50,000 குழந்தைகள் வேலையை விட்டு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் பலர் கல் உடைக்கவும் தெருவில் பிழைக்கவும் பாலியல் தொழிலுக்கும் போனார்கள் என்று 1997இல் யுனிசெஃப் பதிவு செய்தது. 1995இல் ஏற்றுமதியாளர் சங்கம், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, யுனிசெஃப் மூன்றும் ஒப்பந்தம் போட்டுப் பள்ளியும் உதவித்தொகையும் ஏற்பாடு செய்தபின்தான் அந்தக் காயத்துக்கு ஏதோ மருந்து கிடைத்தது. 2013 ஜூனில் வங்கதேசத்துக்கான வரிச் சலுகையை அமெரிக்கா நிறுத்திவைத்தது. ஆனால் ஆடைகள் அந்தச் சலுகைக்குள் ஏற்கெனவே இல்லை. தண்டனை யார்மீது விழுந்தது என்று அரசு பார்த்ததாகத் தெரியவில்லை. வாங்காமல் விலகுவது, தடை போடுவது, வரி விதிப்பது ஆகிய வழிகளில் சுமை மீண்டும் மறுக்க முடியாதவர் தலைக்கே போகிறது. ஆகவே நான் கோருவது விலகலுக்கு எதிரானது: வாங்குகிறவர் தங்க வேண்டும், தங்கிப் பொறுப்பேற்க வேண்டும். அரசியல் தத்துவவாதி ஐரிஸ் மரியன் யங் இத்தகைய அநீதிகளுக்கு நுகர்வோர் உட்பட அமைப்பில் பங்கேற்கும் எல்லோரும் பொறுப்பு என்றார். உடன்படுகிறேன், ஆனால் பொறுப்பு பரவும்போது நீர்த்தும் போகும். விலைச்சீட்டைப் பார்க்கும் வாடிக்கையாளருக்கு ஒரு கட்டடத்தின் தூண் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வழியில்லை. ஆர்டர் போடுகிறவருக்கு உண்டு.

உள்ளூர் அரசும் முதலாளியும் குற்றவாளிகள் இல்லையா என்றால், ஐயமில்லாமல் குற்றவாளிகள்தான். ராணா பிளாசாவின் மேல் மாடிகள் அனுமதியின்றிக் கட்டப்பட்டவை. உரிமையாளருக்கு ஆளுங்கட்சித் தொடர்பு இருந்தது. பல ஆலை முதலாளிகள் நாடாளுமன்றத்திலும் இருந்தார்கள். ஒருவருடைய குற்றம் இன்னொருவருடைய குற்றத்தைக் கழித்துவிடுவதில்லை.

வெளிநாட்டுப் பையரைப் பிணைப்பதால் உள்ளூர் ஆதிக்கமும் அசையும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. திண்டுக்கல் பகுதியில் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் குழுமத்தின் நாச்சி அப்பேரல் ஆலையில் வேலை பார்த்த தலித் இளம்பெண் ஒருவர் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டார். அவருடைய சூப்பர்வைசர் கைது செய்யப்பட்டார். தொடர்ந்து நடந்த பாலியல் தொல்லையை உடன் வேலை செய்த பெண்கள் அதன்பிறகு வெளியே சொன்னார்கள். பெண்கள் தலைமையேற்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் விடாமல் நின்றதில், 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் உருவானது. எச் அண்ட் எம் முதலில், பிறகு கேப், பி.வி.எச். ஆகியவையும் பிணைப்புள்ள ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஆலை விதியை மீறித் திருந்தாவிட்டால் வணிகம் பாதிக்கப்படும். தொழிலாளர்களிலிருந்தே பயிற்சி பெற்ற கண்காணிப்பாளர்கள் லைனுக்குள் இருப்பார்கள். புகார் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது. அந்த ஜூலையில் கட்டாய உழைப்புப் புகாரின்பேரில் இந்த ஆலையின் சரக்குகளுக்கு அமெரிக்கச் சுங்கத்துறை தடை விதித்தது; செப்டம்பரில் அதைத் தளர்த்தியது, ஒப்பந்தத்தின் கீழ் நடந்த மாற்றங்களைக் கணக்கில் கொண்டு. தணிக்கையாளர்கள் ஆண்டாண்டாக வந்துபோன மாவட்டம் அது. சாதியும் பாலினமும் சேர்ந்து வாயடைத்து வைத்திருந்த பெண்கள் சங்கமாகப் பேசியபோதுதான் ஆலைக்குள் நடப்பது பதிவேட்டுக்கு வந்தது.

வளரும் நாடுகள் எல்லாம் இந்தக் கட்டத்தைத் தாண்டித்தான் போக வேண்டும், காலம் கனிந்தால் கூலியும் பாதுகாப்பும் தானே வரும் என்று பொறுமை போதிப்பவர்கள் நியூயார்க்கைக் காட்டுவார்கள். அந்த வரலாறு அவர்கள் சொல்வதற்கு எதிராகவே நிற்கிறது. 1911 மார்ச் 25இல் ட்ரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலையில் பிடித்த தீயில், பூட்டிய கதவுக்குப் பின்னால் சிக்கியவர்கள் உட்பட, 146 பேர் இறந்தார்கள். அங்கேயும் பெரிய வணிகர்கள் தைக்கும் வேலையைச் சிறு காண்ட்ராக்டர்களிடம் விட்டு, அவர்களுக்குள் போட்டி மூட்டி, கூலிக்கு நாங்கள் பொறுப்பில்லை என்றார்கள். காலம் கனியட்டும் என்று பெண்கள் ஆடைத் தொழிலாளர் சங்கம் காத்திருக்கவில்லை. அந்த வணிகர்களையே ஒப்பந்தத்துக்குள் இழுத்தது. சங்கக் கூலி கட்டுப்படியாகும் விலையைக் காண்ட்ராக்டருக்குத் தர வேண்டும், மலிவாகக் கிடைக்கிறது என்று நினைத்தபடி வேறு காண்ட்ராக்டரிடம் தாவக்கூடாது, தொழிலாளர் நல நிதிக்கு வணிகரே பணம் செலுத்த வேண்டும் என்று அந்த ஒப்பந்தங்கள் கட்டாயமாக்கின. பல பத்தாண்டுகள் அவை அமெரிக்கத் தையல் தொழிலாளியின் வாழ்வை உயர்த்தின; வேலை கடல்கடந்து போனபோது ஒப்பந்தத்தின் கை எட்டாத இடத்துக்குப் போனது. டாக்காவின் அக்கார்ட் அந்தக் கையைக் கடல்தாண்டி நீட்டியது, கட்டடம் வரைக்கும். 2023இல் பாகிஸ்தானுக்கும் அது நீண்டது. கூலி இன்னும் அதற்குள் வரவில்லை. ஆர்டர் தாளில் கூலியைத் தனி வரியாக எழுதி, பேரத்துக்கு வெளியே வைத்து, தராவிட்டால் நடுவர் மன்றத்துக்கு இழுக்கும் உரிமையைத் தொழிற்சங்கத்துக்குத் தரும் ஒப்பந்தம் ஒன்றைத்தான் திருப்பூரும் டாக்காவும் கராச்சியும் சேர்ந்து அடுத்ததாகக் கேட்க வேண்டும். தனித்தனியாகக் கேட்டால் ஒன்றைக் காட்டி மற்றொன்றின் விலையைக் குறைப்பார்கள்.